பதினேழாம் நம்பர் திருந்திவிட்டது

என் தம்பி சிலந்தி வளர்க்கிறான். ஒட்டடைக் கம்பால் தட்டிவிடுகிற ரகம் இல்லை, உடம்பெல்லாம் ரோமம் முளைத்த டாரன்டுலா. இதைச் சொன்னதும் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள், கடிக்காதா என்று. கடிக்கும். வாய் இருக்கிற எதுவும் கடிக்கும். நானும்தான் கடிப்பேன், என்னைப் பற்றி யாரும் கேட்டதில்லை.

தம்பிக்குப் பல் செட் செய்யும் கூடத்தில் வேலை. மெழுகில் கடைவாய்ப்பல்லைச் செதுக்கிச் செதுக்கிக் கை பழகிவிட்டதால், சிலந்திக் குஞ்சின் காலை நோகாமல் பிரஷ் முனையால் தொடுவது அவனுக்குச் சுலபம். எங்கள் வீட்டுக் கடைசி அறை அவனுடையது. கல்யாணம் ஆகிறவரைக்கும் என்று சொல்லிக்கொண்டு பெட்டியோடு வந்தவன், ஆறு வருடமாகிறது. அவன் கட்டிலுக்கு மேலே இரண்டு அலமாரித் தட்டுகளில் இருபத்தாறு பிளாஸ்டிக் டப்பாக்கள். மூடியில் ஊசியால் குத்திய ஓட்டைகள், உள்ளே ஈர மண், ஒரு துண்டு மரப்பட்டை, கட்டைவிரல் நகத்தளவு ஒரு குஞ்சு. இருபத்தாறும் ஒரே முட்டைப்பையில் பிறந்தவை. அவற்றின் தீனிக்கு இன்னொரு டப்பா நிறையக் குட்டிக் கரப்பான்கள். சமையலறையில் ஒரு கரப்பானைக் கண்டால் செருப்பைக் கழற்றுகிறவள் நான். அடுத்த அறையில் முந்நூறு கரப்பான்களுக்குக் கேரட் நறுக்கிப் போடுகிற நிலைமைக்கு என்னைக் கொண்டுவந்துவிட்டான்.

வீட்டில் மூன்றாவது ஆள் என் கணவர். லிஃப்ட் மெக்கானிக். எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினாலு வருடம். பதினாலு வருடமும் சண்டை. ஃபேன் எத்தனையில் ஓட வேண்டும், குழம்பில் உப்பு போதுமா, ஜன்னல் திறந்திருந்தால் காற்று வருமா கொசு வருமா, எதுவும் எங்களுக்குச் சண்டைக்கு ஆகும். பிள்ளை இல்லை. அதற்காகப் போட வேண்டிய சண்டையை எட்டு வருடத்துக்கு முன்பே அழுது முடித்தாயிற்று. இப்போது நிரந்தரமாக ஓடிக்கொண்டிருந்தது சமையலறைக் குழாய்ச் சண்டை. நாலு வருடமாகச் சொட்டுகிறது. ஊரார் லிஃப்ட் பாதி வழியில் நின்றால் ஓடிப்போய் மீட்கிறவருக்கு, சொந்த வீட்டுக் குழாய்க்கு ஒரு வாஷர் மாற்ற நேரம் வரவில்லை.

அவர் சண்டையை ஆரம்பிப்பதற்கு ஓர் அடையாளம் உண்டு. இரண்டு கையையும் காது உயரத்துக்குத் தூக்குவார். பிறகுதான் குரல் வரும். தம்பி முதல்முதலில் ஒரு குஞ்சை எங்களுக்குக் காட்டியபோது அது முன்னங்கால்களைத் தூக்கிக்கொண்டு பின்னால் சாய்ந்து நின்றது.

"மாமா, பாருங்க, அப்படியே உங்கள மாதிரி" என்றான்.

அவர் இரண்டு கையையும் தூக்கி, "யாரு, நானா?" என்றார்.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒருநாள் ஒரு கடிதத்தோடு வந்தார். கம்பெனி அவரைச் சூப்பர்வைசர் ஆக்குகிறது, ஆனால் வேலை துறைமுக ஊரில், ரயிலில் ஐந்து மணி நேரம், தங்க வீடு கொடுப்பார்கள், மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். படித்துக் காட்டிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

"போறதுன்னா நீங்க போங்க. நான் வரல" என்றேன்.

யோசித்துச் சொன்னதில்லை. வாய்க்கு வந்ததைச் சொல்லிவிடுவது என் பழக்கம், அவர் கத்துவார், நான் கத்துவேன், நாலு நாள் கழித்து ஒரு முடிவு தானாக வந்து சேரும். அப்படித்தான் எங்கள் வீட்டில் எல்லா முடிவுகளும் வந்திருக்கின்றன. அவர் கைகள் வழக்கம்போல மேலே போயின. தோள்வரை போய், நின்று, இறங்கிவிட்டன. கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "சரி" என்றார்.

அன்றைக்குப் பிறகு சண்டை இல்லை. ஃபேனை நான் வைத்த எண்ணில் விட்டார். உப்பு பற்றிப் பேச்சில்லை. சாப்பாடும் கொஞ்சமாகத்தான். ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து குழாய்க்கு வாஷர் மாற்றினார். மறுநாள் குளியலறைத் தாழ்ப்பாள், அதற்கடுத்து ஆடிக்கொண்டிருந்த சுவிட்ச், மிக்ஸி பிளக். பரணில் கிடந்த பெரிய பையைக்கூட இறக்கித் துவைத்துக் காயப்போட்டிருந்தார். ஜெயித்துவிட்டோம் என்று நான் முடிவு கட்டினேன். மனிதர் அந்த ஊரை மறந்தார், வீட்டையும் கவனிக்க ஆரம்பித்தார், இனி எங்கே போகப் போகிறார்.

இந்த இடத்தில் என் உத்தியோகத்தைச் சொல்லியாக வேண்டும். ஒரு பெரிய லாண்டரியில் புகார் கவுன்ட்டரில் உட்கார்ந்திருக்கிறேன். பட்டன் காணோம், கறை போகவில்லை, என் வெள்ளைச் சட்டை ஏன் ரோஸ் கலரில் வந்திருக்கிறது என்று வருகிறவர்கள் எல்லாரும் என்னிடம்தான் வருவார்கள். பன்னிரண்டு வருட அனுபவத்தில் சொல்கிறேன், மேஜையைத் தட்டிக் கத்துகிற ஆள் அடுத்த வாரமும் துணியோடு வருவார். பரவாயில்லைங்க என்று பையை எடுத்துக்கொண்டு போகிறாரே, அவரை அப்புறம் நாங்கள் பார்த்ததே இல்லை. புதிதாக வேலைக்கு வருகிற பெண்களுக்கு முதல் நாள் நான் சொல்லிக்கொடுப்பதே இதைத்தான்.

அந்தச் சமயம் பார்த்துத் தம்பிக்குப் பத்து நாள் வெளியூரில் பயிற்சி வந்தது, ஏதோ புது மெஷினாம். சிலந்திகளை என் தலையில் கட்டிவிட்டுக் கிளம்பினான். கூடவே இன்னொரு பொறுப்பு. ஒரு நர்ஸ் அம்மா ஒரு குஞ்சு கேட்டிருக்கிறார், இருப்பதிலேயே சாதுவானது வேண்டுமாம், அவருக்கு லீவு இருக்கிற ஒரே நாள் வருகிற ஞாயிற்றுக்கிழமைதானாம்.

"வெள்ளி, சனி, ஞாயிறு மூணு நாளும் பிரஷ்ஷால பின்னங்காலை லேசாத் தொட்டுப் பாரு" என்றான். "ஒவ்வொண்ணும் ஒவ்வொரு குணம். ஒண்ணு ஓடும், ஒண்ணு பதுங்கும், ஒண்ணு பின்னங்காலால முதுகு ரோமத்த உதைச்சு நம்ம மேல தூவும், அது பட்டா அரிக்கும். முன்னங்கால தூக்குச்சுன்னா கோவம்னு நினைக்காத. பயம்."

"பயந்தவன் எதுக்குக் கைய ஓங்கறான்?"

"பெருசாத் தெரியணும்ல. குஞ்சு, அதுக்கு எல்லாமே பயம்தான். ஓட எடம் இல்லன்னா தூக்கும்."

"சரி."

"அப்புறம் முக்கியமா ஒண்ணு. மூடியத் தொறந்தா நீ வாயத் தொறக்காத. மூச்சுக் காத்து பட்டாலே யாரோ தின்ன வர்றாங்கன்னு நினைச்சுக்கும்."

"என்ன வாய மூடச் சொல்ற?"

"பத்தே நாள்தான்க்கா" என்று சொல்லிவிட்டுப் பேருந்தைப் பிடிக்க ஓடினான்.

பிரஷ்ஷும் நோட்டுமாக வெள்ளிக்கிழமை உட்கார்ந்தேன். நாலாம் நம்பர் பிரஷ் மேலேயே ஏறி என் மணிக்கட்டு நோக்கி ஓடிவந்தது. நான் போட்ட கூச்சலில் மற்ற இருபத்தைந்தும் என்ன நினைத்தனவோ. ஒன்பதாம் நம்பர் மரப்பட்டைக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது, எங்கள் லாண்டரி மேனேஜர் என்று எழுதி வைத்தேன். பதினொன்று ரோமத்தைத் தூவியதில் இரண்டு நாள் கையைச் சொறிந்தேன். ஆறாம் நம்பர் தொட்டதும் விருட்டென்று ஒதுங்கியது, கொஞ்சநேரம் கழித்துத் திரும்பி வந்து ஒரு காலால் பிரஷ்ஷைத் தடவிப் பார்த்தது. ஒரே முட்டைப்பை, இருபத்தாறு குணம். எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை. நானும் தம்பியும் ஒரே வயிற்றில்தான் பிறந்தோம்.

எல்லாவற்றையும்விட நான் பயந்தது பதினேழாம் நம்பருக்கு. தம்பியே அதற்கு ரவுடி என்று பெயர் வைத்திருந்தான். மூடி அசைந்தாலே காலைத் தூக்கும். தண்ணீர் சொட்டு விழுந்தால் தண்ணீரோடு சண்டைக்குப் போகும். நான் இடுக்கியும் பிரஷ்ஷுமாக மனதைத் திடப்படுத்திக்கொண்டு திறந்தால், அது அசையாமல் இருந்தது. பின்னங்காலைத் தொட்டேன், மெதுவாக ஓர் அடி நகர்த்தி வைத்துக்கொண்டது, அவ்வளவுதான். சனிக்கிழமையும் அப்படியே. தீனிக்குப் போட்ட குட்டிக் கரப்பான் அதன் கால்மேல் ஏறி நடந்து போனது, அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. இவ்வளவு பெருந்தன்மையை நான் மனிதரில் பார்த்ததில்லை. பசித்தால் தின்னட்டும் என்று கரப்பானை உள்ளேயே விட்டுவிட்டு நோட்டில் எழுதினேன்: பதினேழு, திருந்திவிட்டது.

சனிக்கிழமை சாப்பிடும்போது அவரிடம் பெருமையடித்துக்கொண்டேன். "என் கையில ஒரு வாரம் இருந்தா எந்த ரவுடியும் அடங்கிடுவான்."

"ஆமா" என்றார். தட்டில் பாதி அப்படியே இருந்தது. கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டார்.

ஞாயிறு சாயங்காலம் நாலு மணிக்கு நர்ஸ் அம்மா வந்தார். ஐம்பது வயதிருக்கும், ஆஸ்பத்திரிச் செருப்பையே வீட்டுக்கும் போட்டுக்கொள்கிறவர்.

"வார்டுல நாள் பூரா பேசிப் பேசி நாக்கு தள்ளுது" என்றார். "வீட்டுக்குப் போனா பேசாத ஒரு உயிர் இருக்கட்டும்னு பாத்தேன்."

"நல்ல முடிவு" என்றார் என் கணவர். ஒரு மாதத்துக்கு முன்னால் அவர் இதைச் சொல்லியிருந்தால் அன்றைய பொழுது எங்களுக்குச் சண்டையிலேயே போயிருக்கும். அன்று என்னைப் பார்க்கக்கூட இல்லை, டீ போட எழுந்து போய்விட்டார்.

பதினேழைக் கூடத்துக்குக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்து, மூடியைத் திறந்து, கடைக்காரன் துணி விரிப்பதுபோல நாலு தடவை பிரஷ்ஷால் தொட்டுக் காட்டினேன். அசைவில்லை. நர்ஸ் அம்மா மூக்குக் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

"ஏன் இப்படிக் கெடக்கு? உடம்புக்கு எதாவதா?"

"அது குணம் அப்படிங்க."

"எதுக்கும் உங்க தம்பியை ஒரு வார்த்த கேட்டுருங்களேன்."

எனக்குச் சுருக்கென்றது. இருந்தாலும் வீடியோவில் கூப்பிட்டு, போனை டப்பாவுக்கு மேலே பிடித்தேன். தம்பி ஏதோ மாடிப்படியில் உட்கார்ந்து பன் தின்றுகொண்டிருந்தான். பார்த்ததும் மெல்வது நின்றுவிட்டது.

"அக்கா, இது எத்தன நாளா இப்படி இருக்கு?"

"நீ போன மூணாம் நாள்லேருந்து. தங்கமா மாறிடுச்சுடா."

"சாப்பிட்டுச்சா?"

"இல்ல."

"கால் தூக்குச்சா?"

"அதான் சொல்றேனே, சண்டையே இல்ல."

"வயிறு கறுத்துப் பளபளன்னு இருக்கே, பாக்கலையா? கீழ மண்ணு மேல வெள்ளையா வலை விரிச்சிருக்கா?"

குனிந்து பார்த்தேன். மண்மீது மெல்லிய துணி விரித்ததுபோல இருந்தது. மூன்று நாளாக அது அங்கேதான் இருந்திருக்கிறது. சுத்தமான பிள்ளை என்று நினைத்திருந்தேன்.

"இது அடங்கல அக்கா" என்றான். "தோல் உரிக்கப் போகுது. அதுக்குத்தான் எல்லாத்தையும் நிறுத்திட்டு எடத்தச் சரி பண்ணி வச்சிருக்கு. பழசுலேருந்து வெளிய போறதுன்னு ஆனப்புறம் அது யாருகிட்ட சண்ட போடும்? உள்ள கரப்பான் எதுவும் இல்லல்ல?"

"ஒண்ணு இருக்கு."

"உடனே எடு. உரிக்கிறப்ப அதுக்கு உடம்பு வெண்ணெய் மாதிரி இருக்கும், கரப்பான் கடிச்சுக் கொதறிடும். அவங்களுக்கு ஆறாம் நம்பர் குடு. அது பயந்தா ஓடும், அப்புறம் திரும்பி வந்து என்னன்னு பாக்கும். அதான் நல்ல குணம்."

இடுக்கியால் கரப்பானை எடுத்து அதன் டப்பாவில் போட்டேன். எல்லாத்தையும் நிறுத்திட்டு எடத்தச் சரி பண்ணி வச்சிருக்கு என்று அவன் சொன்னது காதிலேயே நின்றது. குழாய். தாழ்ப்பாள். சுவிட்ச். மிக்ஸி பிளக். கொடியில் காய்ந்த பெரிய பை. பாதிச் சாப்பாடு. பன்னிரண்டு வருடம் கவுன்ட்டரில் உட்கார்ந்து ஊருக்குச் சொல்லிக்கொடுத்தவள், மூன்று வாரமாக ஒரு மனிதர் என் கண்ணெதிரில் பரவாயில்லைங்க என்று பையை எடுத்துக்கொண்டிருந்ததைப் பார்க்கவில்லை.

நர்ஸ் அம்மாவை ஆறாம் நம்பரோடு அனுப்பிவைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனேன். அவர் டீ கிளாஸ்களைக் கழுவிக்கொண்டிருந்தார். குழாயை மூடினார், ஒரு சொட்டுக்கூட விழவில்லை. எனக்கு உடம்பெல்லாம் பயமாக இருந்தது. இந்த மனிதர் போய்விடுவார். ஒரு சண்டை வேண்டும், எப்படியாவது வேண்டும்.

"ஃபேன் ஏன் இவ்ளோ வேகமா ஓடுது?" என்றேன்.

"கொறைச்சுக்கோ."

"நேத்து ராத்திரி நீங்க விட்ட கொறட்டையில நான் தூங்கவே இல்ல."

"நான் வேணா கூடத்துல படுத்துக்கறேன்."

கடைசி ஆயுதத்தை எடுத்தேன். அவருடைய அண்ணன். அவர் அண்ணனை ஒரு சொல் சொன்னால் போதும், தூக்கத்திலும் கையைத் தூக்குவார்.

"உங்கண்ணன் மாதிரி சுயநலக்காரன நான் பாத்ததில்ல."

"ஆமா" என்றார். "அவன் அப்படித்தான்."

நான் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். "லெட்டருக்கு என்ன பதில் சொன்னீங்க?"

"வெள்ளிக்கெழமையே எழுதிக் குடுத்துட்டேன்." கிளாஸைத் துடைத்தபடியே சொன்னார். "வரேன்னு. ஒண்ணாந்தேதி போய்ச் சேரணும்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல."

"நீதான் போங்கன்னுட்டியே."

"நான் சொன்னா கேட்டுடறதா?" குரல் எனக்கே புதிதாக இருந்தது. "குழாய மாத்துங்கன்னு நாலு வருஷம் சொன்னேன், கேட்டீங்களா? மழையில போகாதீங்கன்னா கேட்டிருக்கீங்களா? பதினாலு வருஷத்துல ஒரு நாள், ஒரே ஒரு நாள் நான் சொன்னதக் கேட்டிருக்கீங்களா? இத மட்டும் எதுக்குக் கேட்டீங்க?"

கிளாஸைக் கீழே வைத்தார். இரண்டு கையும் மேலே போயின. தோளில் நிற்கவில்லை, காதுவரை போயின. சோப்பு நுரை முழங்கையில் வழிந்தது.

"பின்ன என்ன பண்ணச் சொல்ற?" வீடு அதிர்ந்தது. "கால்ல விழணுமா? வாயத் தொறந்தா வரலங்கற, அதுக்கு மேல நான் எதச் சொல்லிக் கூப்பிடறது?"

என் நாக்கில் மூன்று பதில்கள் தயாராக இருந்தன, மூன்றும் நல்ல காரம். வாயைத் திறக்கப் போனவள் அவர் விரல்களைப் பார்த்தேன். நடுங்கிக்கொண்டிருந்தன. பதினாலு வருடமும் நடுங்கித்தான் இருக்கும். நான் ஒருநாளும் நின்று பார்த்ததில்லை, என் பங்குக்குக் கத்துவதில் குறியாக இருந்திருக்கிறேன். வாயை மூடினேன். மூச்சைக்கூட அடக்கிக்கொண்டேன்.

"அங்க எனக்குக் கீழ பதினோரு பேராம்" என்றார், கையை இறக்காமலே. "இருபது வருஷமா நான் லிஃப்ட்டுகூடத்தான் வேல பாத்திருக்கேன். ஆளுங்கள வேல வாங்க எனக்கு என்ன தெரியும்? தப்பாப் போச்சுன்னா சிரிப்பாங்க. சாயங்காலம் வீட்டுக்கு வந்தா அங்க யாரு இருக்கா? வேண்டாம்னு எழுதினா, இந்த வயசுல இன்னொரு தடவ கேக்க மாட்டாங்க. வரேன்னு எழுதினா நீ இல்ல. மூணு வாரமாத் தூங்கல நான்."

என் பங்குக்குக் கத்த இடம் விடுவதுபோல நிறுத்தினார். நான் கத்தவில்லை. கைகள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கின. கிட்டே வந்து என் நெற்றியில் ஈரக் கையை வைத்துப் பார்த்தார்.

"ஏன் பேச மாட்டேங்கற? உடம்புக்கு எதாவதா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. துறைமுக ஊரிலும் மனிதர்கள் துணி உடுத்துவார்கள், கறை படும், கத்துவதற்கு யாராவது ஒருத்தி கவுன்ட்டரில் வேண்டும். இதை யோசிக்க எனக்கு மூன்று வாரம் தேவைப்பட்டிருக்கிறது.

"அந்த வீட்டுல எத்தன ரூம்?" என்றேன்.

"ரெண்டு."

"குழாய் எப்படி?"

"சொட்டுதாம். போனதும் மொத வேலையா மாத்தணும்."

"மாத்தாதீங்க. நான் வந்து சேர்ற வரைக்கும் சொட்டட்டும்."

அவர் என்னையே பார்த்தார். பிறகு, "அதுவரைக்கும் தண்ணி வீணாப் போகாதா?" என்று கேட்டு இரண்டு கையையும் தூக்கினார்.